சகலையின் குரல்

காகிதத்தைக் காட்டினால் படித்துச் சொல்லும் பெட்டியில் எல்லோரும் இனிமையான குரலாகப் பார்த்து வைத்துக்கொண்டார்கள். வெள்ளைக்கண்ணு மட்டும், ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத சகலை தவசிலிங்கத்தின் குரலைப் பழைய வீடியோ ஒன்றிலிருந்து எடுத்து வைத்திருந்தார்.

"அந்தப் பய பேசினாத்தான் எதுல கவுக்கப் போறான்னு காதைத் தீட்டிக்கிட்டுக் கேப்பேன்."

அப்படிக் கேட்டுத்தான் கடைப் பத்திரத்தில் ஒளிந்திருந்த இரண்டு வில்லங்கங்களைப் பிடித்தார்.

இன்று தவசிலிங்கத்திடமிருந்தே கடிதம் வந்திருந்தது. பெட்டி அவன் குரலிலேயே படித்தது.

"அண்ணே, கயலுக்குக் கல்யாணம். நீங்க முன்னால வந்து நின்னாத்தான் தாலி."

தங்கை மகள் கல்யாணமாயிற்றே என்று மனைவி பாக்கியம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். மூன்று தடவை ஓடவிட்டும் வில்லங்கம் அகப்படவில்லை.

"எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கான். நேர்ல போனாத்தான் பிடிக்க முடியும். பட்டு வேட்டியத் தேய்ச்சு வை."

"தேய்ச்சு ஒரு வாரமாச்சு" என்றாள் பாக்கியம்.