எவரிஸ்தோவின் புது மட்டை

ஸ்பெயினின் மலாகா நகரில், ‘படேல்’ என்ற மட்டைப் பந்தாட்டம் ஆடாதவனை யாரும் மதிப்பதில்லை. அதனால்தான் ஃபெர்மின் விண்ணப்பத்தில் ‘படேல் ஆடுவேன்’ என்று பொய் எழுதினான். வேலை கிடைத்தது. திங்கட்கிழமை அது நிரந்தரமாக வேண்டும். அதற்குள் சனிக்கிழமையே, செவீயா நகரத்து வாடிக்கையாளர்கள் இருவரோடு ஆட்டத்தில் மோத முதலாளி அவனை ஜோடி சேர்த்துக்கொண்டார்.

கண்ணாடிச் சுவரும் கம்பிவலையும் சூழ்ந்த களத்தின் வாசலில் முதலாளி டோன் எவரிஸ்தோ தொண்டையைச் செருமினார்.

“உனக்குத் தெரிஞ்சதுதான், இருந்தாலும் சொல்றேன். சர்வீஸை இடுப்புக்கு மேல வச்சு அடிக்கக்கூடாது. பந்து முதல்ல தரை, அப்புறம்தான் கண்ணாடி. கூண்டைத் தாண்டிப் போனாலும் விடாதே. கதவு வழியா ஓடி, வெளியில நின்னே திருப்பி அடிக்கலாம்.”

“வெளியில நின்னா?” ஃபெர்மின் வாயைப் பிளந்தான். என்ன ஞானம்! அவர் மட்டையின் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கப்படவில்லை. விருந்தாளிகளுக்கென்றே புதிதாக வாங்கியிருக்கிறார். இப்பேர்ப்பட்டவரை ஏமாற்ற அவனுக்கு மனம் வரவில்லை.

“மன்னிச்சிடுங்க, டோன் எவரிஸ்தோ. நான் மட்டையைத் தொட்டதே இல்ல. வேலைக்காகப் பொய் சொன்னேன்.”

எவரிஸ்தோவின் முகம் வெளுத்தது.

“அடப்பாவி. உன்னை நம்பித்தானேடா நான் ஒத்துக்கிட்டேன். இதெல்லாம் நேத்து உட்கார்ந்து மனப்பாடம் பண்ணினது.”

இருவரும் எதிர்ப்பக்கம் பார்த்தார்கள். செவீயாக்காரர்கள் இருவரும் ஒரே போனில் தலையைக் கவிழ்த்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் அதைப் பார்த்து மெல்லப் படிப்பது கேட்டது: “முதல்ல தரையாம்... அப்புறம்தான் கண்ணாடியாம்.”

எவரிஸ்தோ மெதுவாக நெஞ்சை நிமிர்த்தினார்.

“திங்கக்கிழமை உன் வேலை உறுதி. முதல்ல இந்த உறையைக் கிழி.”