ஒரு கை இடைவெளி

மேஸ்திரிக்குச் சுண்டுவிரல் வலித்தது. ரம்பம் அதைக் கொண்டுபோய் வருஷக்கணக்காயிற்று. ஆனாலும் மேகம் கூடினால், வலது கையில் இல்லாத அந்த விரல்தான் முதலில் குடையும்.

கையை உதறிக்கொண்டே வண்டியிலிருந்து மூன்று மாதிரிப் பலகைகளை இறக்கினார். புது வேலை பிடிக்கும் நாளில் மட்டும்தான் அவர் வண்டியை விட்டு இறங்குவது. மற்ற நாளெல்லாம், கட்டி விற்பவர்களின் வேலையென்றால் முதல் நாளும்கூட, போனிலேயே அதட்டல்.

வீட்டுக்காரப் பெண் அவரைப் பக்கவாட்டுச் சுவருக்குக் கூட்டிப்போனாள். அதைப் பார்த்ததும் அவருக்கு வலி மறந்து சிரிப்பு வந்துவிட்டது.

அடியிலிருந்து கூரைவரை சுவர் முழுக்க மரப்பலகை. ஒவ்வொரு ஆணிக்கும் கீழே கறுப்பாக ஒரு கோடு, மையிட்ட கண் அழுததுபோல் வழிந்திருந்தது.

“எந்த மடையன்மா இதை அடிச்சது?”

“தெரியலைங்க. வீட்டைக் கட்டி வித்தவர் யாரையோ பிடிச்சு அடிச்சிருக்கார். நாங்க அப்புறம்தான் குடி வந்தோம். யாருன்னு கேட்டா அவர் வாயைத் திறக்கலை, இப்போ போனையும் எடுக்கிறதில்லை.” மேலே பிய்ந்திருந்த இடத்தைக் காட்டினாள். “போன மாசம் ஒரு பலகை கழண்டு எங்கப்பா தோள்ல விழுந்துது. அடுத்தது யார் தலையிலயோ. மழைக்கு முன்னாடி மொத்தத்தையும் மாத்தியாகணும்.”

ஜன்னலுக்கு உள்ளே, தோளோடு சேர்த்துக் கட்டுப் போட்ட கையோடு அப்பா உட்கார்ந்திருந்தார்.

விழுந்து கிடந்த பலகையின் முறிந்த ஓரத்தை மேஸ்திரி மோந்து பார்த்தார். “நல்ல மரம்மா. வினிகர் சாதி மருந்துல ஊறவெச்சது. தண்ணிக்கு உப்பாது, சுலபத்துல உளுக்காது. ஆனா சாதா ஆணி இதுக்கு ஆகாது, அந்த மருந்து ஆணியை அரிச்சுத் தின்னுடும். ஸ்டெயின்லெஸ்தான் அடிக்கணும். எவனோ காசை மிச்சம் பிடிக்க இரும்பு ஆணி வாங்கிப் போட்டிருக்கான். கோழிக்கூண்டு அடிக்கக்கூட லாயக்கில்லாத பய.”

“உங்களுக்கு முன்னாடி நாலு மேஸ்திரிங்க வந்து பார்த்தாங்க. அவங்களும் இதையேதான் சொன்னாங்க.”

“சொல்லுவானுங்க. வாய்க்கு என்ன வாடகையா?”

மாதிரிகளைச் சுவரில் சாய்த்து வைத்தார். “இது ஆவி விட்டுச் சூட்டுல வேகவெச்ச மரம். இப்போ காபி நிறம், எண்ணெய் பூசாம விட்டா வெயில்ல நரைச்சுடும். முறுகின பண்டம் வேற. துளை போடாம ஓரத்துல அடிச்சா பிளந்துக்கும். அடுத்தது பிசின் ஏத்தினது. கல்லு மாதிரி இருக்கும், கனமும் அப்படித்தான். மூணாவது உங்க பழைய வினிகர் மரமேதான்.”

“எதைப் போடலாம்?”

“வினிகரையே போடுங்க. மரம் ஒரு தப்பும் பண்ணலை. அடிச்சவன்தான் தண்டம்.”

அவள் மூன்றையும் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. “கீழே எவ்வளவு இடம் விடுவீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

மேஸ்திரி குந்தினார். பெருவிரலை மடக்கி, மற்ற விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி, அடிப்பலகைக்கும் சிமெண்ட் மேடைக்கும் நடுவே வலது கையை விட்டார். அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது.

“ஒரு கை. தண்ணி தேங்காது, காத்து போகும். இதை மட்டும் அந்த மடையன் ஒழுங்கா விட்டிருக்கான். நான் எந்த வேலைக்கும் கூடவே நிக்கிறதில்லைம்மா. என் கை அகலத்துக்குக் கட்டை வெட்டி ஆளுங்க பையில போட்டிருக்கேன். எவனாவது டேப்பைத் தொட்டான், தொலைஞ்சான்.”

அவளும் பக்கத்தில் குந்தித் தன் மெலிந்த கையை விட்டுப் பார்த்தாள். நுழையவில்லை. சுண்டுவிரலை மடக்கிய பிறகுதான் உள்ளே போனது.

“ஒண்ணு கேட்கட்டுமா? இப்படி அடிச்சுட்டுப் போனவனை என்ன பண்ணலாம்?”

“கழுத்தைப் பிடிச்சு இழுத்துட்டு வரணும். பழசைக் கழட்டி, அவன் கைக்காசுல புதுசு அடிக்க வைக்கணும். அவன் உங்களுக்கு ஒரு சுவர் கடன்பட்டிருக்கான்மா. அதைத் தீர்க்காம இன்னொரு வீட்டுல சுத்தியலைத் தொடலாமா? நானா இருந்தா மானத்துக்குப் பயந்தாவது செஞ்சு கொடுத்துட்டுப் போவேன்.”

“கேட்டீங்களாப்பா?” என்றாள் அவள்.

ஜன்னலில் அப்பா தலையாட்டினார்.

மேஸ்திரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கை இன்னும் பலகைக்கு அடியிலேயே இருந்தது. அவள் எழுந்து சேலையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டாள்.

“இதுக்கு முன்னாடி வந்த நாலு பேரையும் இதே மாதிரி கையை விடச் சொன்னேன். ஒருத்தர் கையும் உள்ளே போகலை.”

“ஏன் போகலை?”

“அவங்களுக்கெல்லாம் சுண்டுவிரல் இருந்துது. நீங்க எனக்கு ஒரு சுவர் கடன்பட்டிருக்கீங்க, மேஸ்திரி.”