இருபத்தேழாம் நம்பர் புங்கமரம்

"சார், சார்! என்ற மரத்துல நம்பரே இல்லீங்க. அதை உட்டுப்போட்டு மத்ததை வெட்டுங்க!"

இளநீர் லோடு ஏற்றி வந்த குட்டியானை வண்டியிலிருந்து பாதி வழியிலேயே குதித்து, மூச்சிரைக்க ஓடி வந்து நின்ற மாசாணியம்மாளை, மாநகராட்சி சூப்பர்வைசர் சுரேந்தர் ஏற இறங்கப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் மரம் அறுக்கும் மெஷின் காதைப் பிளந்தது. தெருமுனையில் இருந்த வாகை மரம் ஏற்கெனவே சாய்ந்து கிடந்தது.

"எந்த மரமுங்கம்மா?"

"அந்த வளைவுக்கு அந்தாண்ட இருக்குதுங்க, புங்கமரம். அதுக்கடியிலதானுங்க எளநிக் கடை போட்டிருக்கறேன்."

ஒன்பது வருஷமாக அந்த நிழல்தான் அவளுக்குக் கடை. கூரை கிடையாது, பலகை கிடையாது. பொள்ளாச்சி இளநீரைக் குலை குலையாக மரத்தடியில் அடுக்கிவிட்டு அரிவாளோடு உட்கார்ந்துவிடுவாள். நிழல் போனால் கடையும் போச்சு. கொதிக்கிற வெயிலில் நின்று, கொதிக்கிற இளநீரை எந்த மகராசன் வாங்கிக் குடிப்பான்?

போன வாரம்தான் வினை வந்தது. மழைநீர் வடிகால் கட்டப்போவதாகச் சொல்லி இரண்டு பேர் வந்து, தெருவில் சில மரங்களில் மட்டும் வெள்ளை பெயிண்டால் நம்பர் எழுதிவிட்டுப் போனார்கள். அவளுடைய புங்கமரத்துக்கு இருபத்தேழு. எதிர்வீட்டு கோவிந்தராஜுலு, தன் வீட்டுக் கேட்டுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு வந்து, பல்லெல்லாம் தெரியச் சொன்னார்.

"நம்பர் போட்டுட்டாங்கன்னா வெட்டப்போறாங்கன்னு அர்த்தம், மாசாணி. வேற எடம் பாத்துக்க. அப்பாடா, இனி என்ற கார் மேல காக்கா எச்சம் உழுகாது!"

மரத்தை வெட்டச் சொல்லி மூன்று முறை மனு கொடுத்த மனுஷன். சந்தோஷம் இருக்காதா பின்னே?

ஒரு வாரமாக மாசாணியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று சாயங்காலம், வருவது வரட்டும் என்று இளநீர் சீவுகிற அரிவாளாலேயே அந்த நம்பரைப் பொட்டு மிச்சமில்லாமல் சுரண்டித் தள்ளிவிட்டாள். மாடியிலிருந்து கோவிந்தராஜுலு பார்த்துவிட்டார். "இரு இரு, உனக்கு வெச்சிருக்கறேன்!" என்று விரலை ஆட்டினார். ஆட்டட்டுமே!

"நம்பர் இல்லீன்னு நல்லாத் தெரியுமுங்களா?" என்று சுரேந்தர் கேட்டான்.

"சத்தியமா இல்லீங்க சார்" என்றாள் தெம்பாக.

சுரேந்தர் திரும்பி, மெஷின்காரனைக் கூப்பிட்டான். "சின்னான், அடுத்தது வளைவுல இருக்கற புங்கமரம். வா."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இதென்னங்க அநியாயம்! நம்பர் இல்லீங்கறேன், வெட்டறேங்கறீங்க?"

"நம்பர் இல்லாததைத்தானுங்கம்மா வெட்டறோம். நம்பர் போட்டதெல்லாம் காப்பாத்தற மரமுங்க. அதைத் தொடாம வடிகாலை வளைச்சுக் கொண்டுபோகச் சொல்லி ஆர்டர்."

மாசாணியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, என்ற குடியை நானே கெடுத்துப்போட்டனே! சார், அது இருபத்தேழாம் நம்பருங்க. வெட்டிருவீங்கன்னு பயந்துட்டு நாந்தானுங்க சொரண்டிப்போட்டேன்!"

சுரேந்தருக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது. கையிலிருந்த தாளைக் காட்டினான்.

"லிஸ்ட்ல இருபத்தேழு இருக்குதுங்கம்மா. ஆனா அது எந்த மரம்னு எழுதலீங்களே. இந்தத் தெருவுல மட்டும் பதினோரு புங்கமரம். மரத்துல நம்பர் இருந்தாத்தான் நான் உட முடியும். இல்லாட்டி எனக்கு மெமோதான்."

"எதிர்வீட்டுக்காரரு கண்ணால பாத்தாருங்க. வேணும்னா அவரைக் கேட்டு..."

சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டாள். கூப்பிட்டாளே சாட்சிக்கு ஆளை! அந்தப் புண்ணியவான் தானே மெஷினைப் பிடித்து அறுத்தாலும் ஆச்சரியமில்லை.

சின்னான் மெஷினைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். சுரேந்தர் பின்னால் போனான். மாசாணியம்மாளும் கூடவே ஓடினாள். "ஆத்தா, மாசாணியாத்தா! படிக்காத கழுதை தெரியாமச் செஞ்சுபோட்டேன். இந்த ஒருக்காக் காப்பாத்திப்போடு தாயே!" என்று வழியெல்லாம் புலம்பினாள்.

வளைவு திரும்பியதும் சின்னான் நின்றுவிட்டான்.

"ஏனுங்கம்மா, வெளையாடறீங்களா? அதா, யானையாட்டம் இருக்குதுங்களே நம்பரு!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். சுரண்டிய இடத்துக்குச் சரியாக ஒரு சாண் மேலே, பளீரென்று வெள்ளை எழுத்தில் 27.

சுரேந்தர் பேனாவை எடுத்துத் தாளில் டிக் அடித்தான். "இருபத்தேழு, சரியா இருக்குது. நொம்ப பயமுறுத்திட்டீங்கம்மா. இதை உட்டுட்டு அடுத்ததுக்கு வா, சின்னான்."

போன உயிர் திரும்பி வந்தது மாசாணியம்மாளுக்கு. அப்படியே மரத்தைக் கட்டிக்கொண்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். "ஆத்தா, நீயே வந்து எழுதிப்போட்டுப் போனியா தாயே! உன்ற கையை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கணுமே!"

எதிர்வீட்டுக் கேட் படாரென்று திறந்தது. பனியனும் லுங்கியுமாக, மணிக்கட்டு வரை வெள்ளை பெயிண்ட் அப்பிய கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார் கோவிந்தராஜுலு.

"ஏனுங்க தம்பி, இதை வெட்டாமப் போறீங்க? இவ சொரண்டிப்போட்டாளேன்னு, காலங்காத்தால எந்திரிச்சு நானே மறுபடியும் நம்பர் எழுதி வெச்சிருக்கறனுங்களே!"