இரண்டு வரிசை ஜரிகை

"அக்கா, இது ஜாக்கெட்டா, நகைக்கடை ஜன்னலா? கல்யாணப் பொண்ணையே தூக்கிச் சாப்பிட்டுடுவீங்க போல!"

அடுத்த மெஷினில் இருந்தவள் சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். அந்தத் தையல் கடையில் சேர்ந்து அவளுக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. வாய்க்கு மட்டும் பத்து வருஷ சர்வீஸ்.

அக்கா நிமிரவில்லை. அரக்குச் சிவப்பு ஜாக்கெட்டின் கை விளிம்பில் ஜரிகை லேஸை வைத்துக் குண்டூசி குத்தி, மெஷினை மெதுவாக ஓட்டினாள். ஒரு வரிசை ஏற்கெனவே முடிந்திருந்தது. இரண்டாவது வரிசையில் பாதி போனதும் நிறுத்தினாள். லேஸ் தலைகீழாகப் போயிருந்தது. பிளேடை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"காலையிலேர்ந்து இது மூணாவது தடவை. கண்ணை மூடிட்டுத் தைக்கிற ஆளு நீங்க. என்ன ஆச்சுக்கா?"

"கண்ணாடி பவர் மாறிடுச்சு போலிருக்கு."

"அதான் கண்ணு கலங்குதா? நல்லா இருக்கே! பொண்ணைக் கட்டிக் குடுக்கிறவங்க அழலாம். உங்களுக்கு வீட்டுக்கு ஆள் வரப் போகுது. பையன் கல்யாணத்துக்கு யாராவது அழுவாங்களா?"

அக்கா பிரித்த நூலை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"எனக்குன்னு இப்படி லேஸு, மணியெல்லாம் வச்சுத் தைச்சு ஆறு வருஷம் ஆச்சு."

"அப்ப சாதாரணமா ஒண்ணு தைச்சுக்குங்களேன். உங்களை யார் பார்க்கப் போறாங்க?"

"வர்ற பொண்ணு பார்ப்பா. ஏனோதானோன்னு ஒரு பழசைப் போட்டுட்டுப் போய் நின்னா, இவங்களுக்கு இதுல இஷ்டமே இல்ல போலன்னு நினைச்சுக்குவா. வாழ வர்ற அன்னிக்கே அவ மனசு சுணங்கக் கூடாது." அக்கா லேஸைத் திருப்பி வைத்து மறுபடி குண்டூசி குத்தினாள். "அவளைத் தேடிக் கண்டுபிடிச்சதே நான்தான். கல்யாணமே வேண்டாம்னு இவன் ஒத்தக் கால்ல நின்னான். ஒரு வருஷம் கெஞ்சியிருக்கேன்."

"இவ்வளவும் பண்ணிட்டு, தனியா ஒரு ரூம் பார்த்திருக்கீங்களாமே? முதலாளி சொன்னாரு. மருமக வர்றதுக்கு முன்னாடியே மூட்டை கட்டுற மாமியாரை இப்பதான் பார்க்கிறேன்."

"நான் கண் முன்னாடியே நடமாடிட்டு இருந்தா அவளுக்குச் சங்கடம்."

"எனக்கு இப்படி ஒண்ணு வாய்க்கலையே! எங்க வீட்டுல இருக்கிறது, என் அலமாரிச் சாவியையே இடுப்புல சொருகிட்டுத் திரியுது."

அன்றைக்கு முதல்தடவையாக அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள்.

சாயந்திரம் கடை வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. முப்பது வயதுக்காரன் ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அம்மா, கிளம்பலாமா?"

அப்போதுதான் மெஷின்மேல் விரித்திருந்த ஜாக்கெட்டைக் கவனித்தான். அதன் கையை எடுத்து, ஜரிகையைக் கட்டைவிரலால் நீவிவிட்டான். அவன் முகம் வாடிவிட்டது.

"இதெல்லாம் எதுக்கும்மா? உங்களுக்கு மனசு கஷ்டமா இருந்தா வர வேண்டாம். நான் தப்பாவே எடுத்துக்க மாட்டேன்."

"நான் வராம யாரு உனக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுவாங்க? போப்பா, வண்டியை எடு."

"அந்த ரூம் வேண்டாம்னு சொல்லிடுங்க. நீங்க எங்ககூடத்தான் இருக்கணும்னு அவளே சொல்லிட்டா."

அக்கா ஜாக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"தங்கமான புள்ளைக்கா" என்று பக்கத்து மெஷின்காரி காதோரம் கிசுகிசுத்தாள். "பெத்த வயிறு குளிர்ந்திருக்கும்."

திங்கட்கிழமை காலை பதிவு அலுவலகத்தில் நல்ல கூட்டம். மணப்பெண்ணின் அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பெண் எழுந்து நேராக அக்காவிடம் வந்தாள். ஜாக்கெட்டின் கழுத்தோரத்து மணிகளைத் தொட்டுப் பார்த்தாள்.

"நீங்களே தைச்சீங்களா? நீங்க வருவீங்களோ மாட்டீங்களோன்னு ராத்திரி முழுக்கத் தூங்கல."

"வராம இருப்பேனா? உனக்காகத்தான்மா தைச்சேன்."

பெண் அவள் கையைப் பிடித்தாள். கூப்பிடும்வரை விடவே இல்லை.

"மாப்பிள்ளை தரப்புச் சாட்சி யாரு? வாங்க" என்று குமாஸ்தா பதிவேட்டைத் திருப்பி வைத்தார்.

அக்கா போய்க் குனிந்து கையெழுத்துப் போட்டாள். அடுத்த கட்டத்தில் 'உறவுமுறை' என்று இருந்தது. பேனா அங்கேயே நின்றது.

"அம்மாதானே? அப்படியே எழுதுங்க. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க பாருங்க."

"அம்மா இல்லீங்க. மாமியார்."

குமாஸ்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "காலங்காத்தால குழப்பாதீங்கம்மா! பொண்ணோட அம்மா அதோ உட்கார்ந்திருக்காங்களே?"

"அவங்க இந்தப் பொண்ணோட அம்மா" என்றாள் அக்கா, மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி. "இவர் முதல்ல கட்டிக்கிட்டது என் பொண்ணை. அவ இறந்து ரெண்டு வருஷம் ஆச்சுங்க."