அரைக் கட்டை

"அண்ணே, இந்த மணிச் சத்தத்தை ரெண்டரைக் கட்டைன்னு எழுதியிருக்கீங்க. சுருதிப்பெட்டியோட வச்சுப் பார்த்துட்டேன். ரெண்டுதான்."

மேற்பார்வைக்காரி கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னாள். அவர் ஹெட்போனைக் கழற்றினார்.

"ஒண்ணுதானேம்மா? கை தவறியிருக்கும்."

"முந்நூறுண்ணே. மணி, விசில், கண்ணாடி டம்ளர்... எல்லாமே அரைக் கட்டை ஏத்தி. வாங்கினவங்க மொத்தமாத் திருப்பி அனுப்பிட்டாங்க. வயசானா சில பேருக்குக் காது இப்படி ஏறிடுமாம், எல்லாச் சத்தமும் கொஞ்சம் உசந்தே கேக்குமாம்."

பதினோரு வருடமாக இதே சிறிய அறை. ஒவ்வொரு ஒலித்துணுக்கையும் கேட்டு, அதன் சுருதி எத்தனை கட்டை என்று எழுதுவார். இங்கே அவர் நாலாம் நம்பர். மேல்மாடியில் ஏழாம் நம்பர் அதையே மறுபடி கேட்டு, சரியென்றால் அவர் திரையில் ஒரு பச்சைக் குறி விழும். ஒருவர் பேச்சு மற்றவர் காதைக் கெடுத்துவிடும் என்று இருவரையும் சந்திக்க விட்டதே இல்லை.

வீட்டில் அவரோடு பேச ஆளில்லை. நாள் முழுவதும் அவரைப் பார்த்து 'ஆமாம்' என்று சொன்னது அந்தப் பச்சைக் குறி ஒன்றுதான்.

"இனிமே அரைக் கட்டை குறைச்சு எழுதிடறேனே?"

"அது கணக்குண்ணே. காது இல்ல." அவள் குரல் இறங்கியது. "இன்னையோட நிறுத்திக்கச் சொல்லிட்டாங்க."

ஏசி உறுமிக்கொண்டிருந்தது. அது எத்தனை கட்டை என்று மனம் தானாகவே சொன்னது. முதல் முறையாக அவர் அதை நம்பவில்லை.

ஹெட்போன் ஒயரை மெதுவாகச் சுற்றினார்.

"ஏழாம் நம்பரையுமா?"

"காலையிலேயே அனுப்பிட்டாங்க."

"பாவம். முந்நூறுக்கும் பச்சை போட்டாரே! அவருக்கும் என் வயசுதான் இருக்கும். எங்க ரெண்டு பேர் காதும் ஜோடி போட்டுக்கிட்டு ஏறியிருக்கு பாரு." அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது. இன்னொருவருக்கும் அந்த மணி ரெண்டரைக் கட்டையாகவே கேட்டிருக்கிறது. அது போதும்.

அவள் கதவின் பிடியை விடாமல் நின்றாள்.

"அது இருபத்தாறு வயசுப் பொண்ணுண்ணே. வந்து மூணு வருஷம்தான் ஆகுது. மத்தவங்க தப்பு ஒண்ணைக்கூட விட்டதில்ல. அவ்வளவு கூர்மையான காது."

"பின்ன எனக்கு மட்டும்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'தப்புன்னு போட்டா நாலாம் நம்பரை அனுப்பிடுவீங்க. நான் கேக்கறதையெல்லாம் கூடவே கேக்கறதுக்கு எனக்கு வேற யார் இருக்கா?'ன்னு கேட்டுட்டு அழுதுடுச்சுண்ணே."