இன்றைக்கு நிரோஜாவின் முறை

காலை வெயிலில் பள்ளிக்கூட முற்றத்தின் செம்மண் தூசி எழுந்து எழுந்து அடங்குகிறது. வேப்பஞ்சருகுகளை விளக்குமாற்றால் கூட்டிக் குவிக்கிறான் பிரதீபன். இன்றைக்குக் கூட்டவேண்டியவள் அவனுடைய மகள், நாலாம் வகுப்பு நிரோஜா. அவளோ மோட்டார் சைக்கிளில் சாய்ந்திருந்து, மடியில் கிடக்கும் தகப்பனின் ஹெல்மெட்டில் தாளம் போடுகிறாள். கேற்றைத் தாண்டி உள்ளே வரும் ஜெயரூபி ரீச்சருக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போன கிழமைதான் பெற்றோர் கூட்டத்தில் இதைப்பற்றித் தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்தினாள். யார் காதில் விழுந்தது?

“பிள்ளையின்ரை வேலையை நீங்கள் செய்தால், அவ எப்ப பொறுப்புப் பழகிறது?”

“குறை நினைக்காதேங்கோ ரீச்சர். பிள்ளைக்குத் தூசி ஒத்துவராது. இந்தா, முடிஞ்சுது.”

“நாளைக்குச் சோதினையும் நீங்களோ வந்து எழுதப்போறியள்?”

குனிந்திருந்த பிரதீபன் நிமிர்ந்து ரீச்சரைப் பார்க்கிறான், முகத்தையல்ல, தோளை. அங்கே அவளுடைய கைப்பையோடு டைனோசர் படம் போட்ட சின்னப் புத்தகப்பையும் தண்ணீர்ப் போத்தலும் தொங்குகின்றன. அந்தப் புத்தகப்பைக்குச் சொந்தக்காரன், ரீச்சரின் மகன், வெறுங்கையை வீசிக்கொண்டு அவளை முந்தி வருகிறான். கூட்டிவைத்த சருகுக் குவியலை ஓர் உதை உதைத்துவிட்டு வகுப்புக்குள் ஓடுகிறான்.