சரிஞ்சிருக்கு, கழட்டுங்கோ

"சரிஞ்சிருக்கு. கழட்டுங்கோ."

ஏரம்பமூர்த்தி மறுபடியும் அதையே சொன்னதும் வடிவேலுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து விமானத்துக்குள் குனிந்து, முதுகு ஒடிய மாட்டிய பெட்டி. அவன் கண்ணுக்கு அது நேராகத்தான் இருந்தது.

சிங்கப்பூரின் காலாங் விமானத் திடலில் ஜப்பான் கொடி பறந்த காலம். கொட்டகையில் நின்றது இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம். மாட்ட வேண்டியதும் பிஸ்கட் டின் அளவுப் பெட்டிதான். தரையிலிருக்கும் ரேடார் 'யார் அது?' என்று கேட்டால், அந்தப் பெட்டி 'நம்ம ஆள்தான்' என்று தானாகவே பதில் அனுப்பும். அந்தப் பதில் வராவிட்டால் சொந்த பீரங்கியே விமானத்தைச் சுட்டுவிடும்.

இதெல்லாம் தெரிந்தவர் அங்கே ஏரம்பமூர்த்தி ஒருவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக்காரன் காலத்திலேயே வயர்லெஸ் வேலை பார்த்தவர். அவருக்கு உதவியாக வடிவேலுவும் தங்கராஜுவும். இருவரும் தேக்காவில் சைக்கிள் கடையில் இருந்தவர்கள்.

பெட்டியை மாட்டுவதும் கழட்டுவதுமாகவே வேலை நடந்தது. ஒரு நாள் திருகாணி தளர்வு என்பார். ஒரு நாள் வயர் உரசுகிறது என்பார். வேறு எதுவும் கிடைக்காத நாளில் சரிந்திருக்கிறது என்பார். அவர் அந்தப் பக்கம் போனதும் தங்கராஜு அதே இழுவையில் சொல்லிக் காட்டுவான், இருவரும் சிரிப்பார்கள்.

சாயங்காலம் ஆனால் சிரிப்பு போய்விடும். ஜப்பானிய அதிகாரி வருவான். பெட்டி தரையில் கிடப்பதைப் பார்த்ததும் ஏரம்பமூர்த்தியின் கன்னத்தில் பளாரென்று ஒன்று விழும். பிறகு உதவியாட்கள் பக்கம் கையைக் காட்டி ஏதோ கத்துவான். அதில் அவர்களுக்குப் புரிந்தது 'சயாம்' மட்டும்தான். அது போதாதா? சயாமுக்கு ரயில் பாதை வேலைக்குப் போனவர்களில் தேக்காவுக்குத் திரும்பி வந்தவன் யாரையும் அவர்கள் பார்த்ததில்லை.

வடிவேலுவின் மனைவி தங்கத்துக்கு நிறைமாதம். ஆள் பிடிக்கும் லாரிச் சத்தம் கேட்டாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

"வேலை தெரியாத மனுஷன்லா," என்றான் வடிவேலு தங்கராஜுவிடம். "அவர் அடி வாங்குறது அவர் பாடு. நம்மளையும் சயாமுக்கு அனுப்பிட்டுத்தான் ஓய்வாரு."

வெள்ளிக்கிழமை அடுத்த ரயில் கிளம்புகிறது என்று ஊரே பேசிக்கொண்டது. வியாழக்கிழமை வடிவேலுவால் பொறுக்க முடியவில்லை. அதிகாரிக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த அப்துல் கையூமிடம் நேராகப் போனான். இத்தனை தடவை மாட்டியதில் தனக்கே அந்த வேலை பழகிவிட்டது, அந்த ஆளை விலக்கினால் இன்றைக்கே முடித்துத் தருகிறேன், அதிகாரியிடம் சொல்லுங்கள் என்றான்.

கையூம் அவனைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"முடிச்சுக் குடுத்துட்டு எங்க போவே?"

"வீட்டுக்கு."

"சயாமுக்குப் போவே. பெட்டி வேலை முடிஞ்ச அன்னிக்கே உதவியாள் ரெண்டு பேரையும் ரயில் ஏத்தணும்னு முதல் நாளே உத்தரவு. அவருக்கு ஒண்ணும் ஆகாது, அவர் இங்கேயேதான் இருப்பாரு."

ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று வடிவேலு கேட்பதற்குள் கையூமே சொன்னார். தெரிந்தால் இவர்கள் பயந்து ஓடுவார்கள், ஓடினால் சுட்டுவிடுவார்கள் என்று ஏரம்பமூர்த்திதான் வாயைத் திறக்க வேண்டாம் என்றாராம். நாளைய ரயில் போய்விட்டால் இந்தத் திடலிலிருந்து இனி ஆள் கேட்க மாட்டார்களாம். அதுவரை வேலையை எப்படியாவது இழுக்க வேண்டுமாம்.

அன்று இரவு வடிவேலுவுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை. அந்த மனிதரை நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அதிகாரி மத்தியானமே வந்துவிட்டான். இன்றும் ஏரம்பமூர்த்தி குறை சொன்னால் வேண்டுமென்றே கெடுப்பதாக எடுத்துக்கொண்டு அவரை ராணுவப் போலீசிடம் ஒப்படைக்கப் போவதாகக் கத்தினான். கையூம் அதைத் தமிழில் சொன்னார்.

பெட்டி உள்ளே நேராக உட்கார்ந்திருந்தது. ஏரம்பமூர்த்தி குனிந்து பார்த்தார். வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டார். பேச வாயெடுத்தார்.

வடிவேலு அவருக்கு முன்னால் போய் நின்றான்.

"அவர் சரியாத்தான் சொல்லிக் குடுத்தாரு. நான்தான் தப்பா மாட்டிட்டேன்னு சொல்லுங்க."

கையூம் சொன்னார். அதிகாரி விட்ட அறையில் வடிவேலு சக்கரத்தின் மேல் போய் விழுந்தான். பூட்ஸ் காலாலும் இரண்டு உதை. நாளைக் காலைக்குள் முடியவேண்டும் என்று கத்திவிட்டு அதிகாரி போனான்.

ஏரம்பமூர்த்தி அவனைத் தூக்கி நிறுத்தினார்.

"உமக்கேன் தம்பி உந்த வேலை?"

"உங்க கன்னம் ஒரு நாளாவது ஆறட்டும் ஐயா."

உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்பேனரைத் தங்கராஜுவிடம் நீட்டினான் வடிவேலு.

"சரிஞ்சிருக்கு. கழட்டுங்கோ."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

சயாம் ரயில் அன்று இரவு அவர்கள் இருவரும் இல்லாமலே கிளம்பியது. மறுநாள் காலை, வடிவேலு வாங்கி வைத்த கோப்பி ஆறுவதற்குள், ஏரம்பமூர்த்தி தன்னந்தனியாக அந்தப் பெட்டியை மாட்டி முடித்துவிட்டு வந்து குடித்தார்.